நல்ல பக்கம்

பாட்டிலில் இன்னும் முக்கால்வாசித் தண்ணீர் இருந்தது. வெறும் தண்ணீர்தான். ஆனால் சென்னியப்பன் அதைக் கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சாட்சியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதரைக்கு ஊசி போட்ட சிஸ்டர் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மருந்து ரத்தத்தில் ஓடி எலும்பில் போய் ஒட்ட மூன்று மணி நேரம் ஆகும், எலும்பில் எங்கே சீக்கு இருக்கிறதோ அங்கே கூடுதலாக ஒட்டும், பன்னிரண்டரைக்குப் படம், அதுவரைக்கும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். சுவர்க் கடிகாரம் பத்தரை என்றது. குடிக்கலாம், குடிக்க என்ன கேடு. இடது பக்கத்து உதடு தண்ணீரைப் பிடிக்க மாட்டேன் என்கிறதே, அதுதான் கேடு. ஒரு மடக்கு வாயில் விட்டால் பாதி தொண்டைக்குப் போகிறது, பாதி அந்தப் பக்கத்துக் கடைவாய் வழியாக, அவரை ஒரு வார்த்தை கேட்காமல், வெளியே நடந்துவிடுகிறது. எழுபது வயதுக்கு ஒன்று குறைவு. இத்தனை வருஷத்தில் அவரைக் கேட்காமல் அவரிடமிருந்து ஒரு கயிறுத் துண்டுகூட வெளியே போனதில்லை. பொள்ளாச்சிச் சந்தையில் போய்க் கேட்டுப் பாருங்கள், மாட்டுத் தரகர் சென்னியப்பன் என்றால் ஆளுக்கொரு கதை சொல்லுவான், ஏமாந்த கதை மட்டும் ஒருத்தனும் சொல்ல மாட்டான். அதனால்தான் காலையில் இந்த நாற்காலி வரிசையைப் பார்த்ததுமே கடைசி இருக்கையில், இடது தோள் சுவரை ஒட்டுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். பெண்டாட்டி பாவாயி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தபோது, "இந்தப் பக்கம் வா. அந்தக் காது கேக்கறதில்லைன்னு உனக்குத் தெரியாதா?" என்று ஒரு அதட்டுப் போட்டார். அவள் வலது பக்கம் உட்கார்ந்தாள். தலையைச் சுற்றி இடது காதையும் கன்னத்தையும் மூடித் தாடைக்குக் கீழே முடிந்திருந்த துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். காற்றுப் படக் கூடாது, காது வலிக்காரனுக்குக் காற்று ஆகாது. அப்படித்தான் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரு மடக்கு. தலையை வலது பக்கமாகச் சாய்த்துக் குடித்தால் கொஞ்சம் நிற்கிறது. சாய்த்துக் குடித்தார். அப்படிச் சாய்க்கும்போது காதுக்குள் ஏதோ நகர்ந்தது, நகர்ந்து, தாடை எலும்பின் கொக்கியில் மாட்டி நின்றது. வலி என்று இதற்குப் பெயர் வைத்தவன் இதைப் பட்டிருக்க மாட்டான். பல்வலி பட்டிருக்கிறார், மாடு உதைத்து விலா எலும்பு விட்டுப் போயிருக்கிறது, சர்க்கரை ஏறிக் கால்விரல் நகம் பிடுங்கியிருக்கிறார்கள், அதெல்லாம் வந்து கத்திவிட்டுப் போகிற வலி. இது கத்துவதில்லை. உள்ளே, வெகு உள்ளே, கை போகாத இடத்தில் உட்கார்ந்து மெதுவாக எதையோ மென்றுகொண்டிருக்கிறது. ராத்திரியானால் மெல்லுகிற சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருக்கும். தும், தும், தும் என்று ஒரு காலடி. மாடு கட்டுகிற முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி எதுவோ நடக்கிற மாதிரி. அந்த நினைப்பு வந்ததும் சென்னியப்பன் சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தார். வேண்டாம், அதை நினைக்கக் கூடாது. பத்து முப்பத்தெட்டு. எதிர் வரிசையில் இரண்டு பேர், அவர்கள் கையிலும் பாட்டில். "ஊசி போட்டவங்க மட்டும் இங்க உக்காரணும், கூட வந்தவங்க வெளிய இருங்க, ஊசி மருந்தோட கதிர் அடிக்கும்" என்று சிஸ்டர் வந்து சொன்னதற்கு, "எனக்கு அறுபத்தாறு ஆச்சுங் கண்ணு, இனி அடிச்சு என்ன ஆகப்போகுது? நாப்பத்தாறு வருசமா இந்த மனுசனோட கதிர் அடிச்சே நான் தாட்டிட்டேன்" என்றாள் பாவாயி. எதிர் வரிசைக்காரர்கள் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார். சிரித்ததும் ஒரு கன்னம் மட்டும் மேலே போனது தெரிந்தது. துண்டுக்குள் மற்றது சும்மா இருந்தது, யார் வீட்டுக் கன்னமோ என்கிற மாதிரி. வாயை மூடிக்கொண்டார்.

எல்லாம் ஒரு கோழி இறகில் ஆரம்பித்தது. சந்தைக்குப் போனால் சட்டைப் பையில் நல்ல சேவல் இறகு ஒன்று எப்போதும் இருக்கும். எதிராளி விலை சொல்ல வாயைத் திறக்கிறபோது இவர் இறகை எடுத்துக் காதில் விட்டு, கண்ணைப் பாதி செருகிக்கொண்டு, சுகமாகத் திருப்புவார். அவன் சொல்லுகிற விலை இவருக்குக் காதிலேயே விழவில்லை என்கிற மாதிரி. சொன்னவனுக்கு அங்கேயே பாதி தைரியம் போய்விடும். "அண்ணா, கேட்டீங்களா?" என்பான். "ஆங்? எதோ சொன்னியா?" என்பார். அவ்வளவுதான், அவனே இறங்கிவிடுவான். நாற்பது வருஷம் அந்த இறகு சோறு போட்டது. இப்போது யோசித்தால் அதே இறகுதான் காதுக்குள் போய்க் கீறி, கீறின இடத்தில் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறது. முதலில் அரிப்பு. அரித்தால் இன்னும் சுகமாகத் திருப்பினார். அப்புறம் அடைப்பு. பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள் பாவாயி. அப்புறம் ஒரு கசிவு, பச்சையும் மஞ்சளுமாக, அதன் நாற்றம் அவருக்கே தெரிந்த நாற்றம். மாட்டுப் புண்ணில் பார்த்த நாற்றம். மாட்டுப் புண் மருந்தை ஊற்றினால் என்ன என்றுகூட ஒரு நாள் குப்பியைக் கையில் எடுத்துவிட்டார், நல்ல வேளை அவள் பிடுங்கி வைத்தாள். மெல்லும்போது தாடை வலித்தது. படுத்தால் தலையணைக்குள் இருந்து யாரோ திருப்புளி வைத்து முடுக்குகிற மாதிரி. அதற்கப்புறம்தான் கோயமுத்தூருக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா பெயர் ரெஹானா. சின்ன வயசு, மூக்குக்கண்ணாடி, பேச்சில் அவசரமே இல்லை. விளக்கைக் காதில் அடித்துப் பார்த்தாள், கம்பியால் எதையோ தொட்டாள், சென்னியப்பன் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு அடி எழும்பினார். "ஐயா, உள்ள சதை வளந்திருக்கு. இது சாதாரணக் காது சீழ் இல்ல. வயசானவங்க, சர்க்கரை இருக்கறவங்களுக்கு இந்தக் கிருமி காதோட நிக்காது, எலும்புக்குள்ள இறங்கும். மண்டையோட அடி எலும்புக்குப் போயிட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம். தினமும் ரெண்டு வேளை ஊசி, ஆறு வாரம். சர்க்கரையைக் கட்டுக்குள்ள வைக்கணும். வாராவாரம் வந்து காதைச் சுத்தம் பண்ணிக்கணும். காதுல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது." ஆறு வாரம் என்றதும் சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பெண்ணுக்கும் தொழில் தெரிகிறது என்று மனசுக்குள் ஒரு மரியாதைகூட வந்தது. முதல் விலை எவனும் உண்மை விலை சொன்னதில்லை. எடுத்த எடுப்பில் சொல்லுகிறதில் பாதி காற்று. "கட்டுபடியாகற மாதிரி சொல்லுங்கம்மா, மூணு வாரம் வெச்சுக்கலாம்." அவள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். "இது பேரம் இல்லைங்க ஐயா. கிருமி." "கிருமிக்கு என்னங்கம்மா காலண்டரா தெரியும்?" "அதுக்குத் தெரியாது. அதனாலதான் நான் சொல்றேன். நடுவுல வலி போயிடும். வலி போனா நோய் போச்சுன்னு அர்த்தம் இல்லை. நிறுத்திட்டீங்கன்னா திரும்ப வரும், வர்றப்ப இன்னும் உள்ள போயிருக்கும்." சரிங்க, சரிங்க என்று தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவதற்கு என்ன, துண்டுக்கு வெளியே ஆட்டுகிற தலைக்கு விலையே கிடையாது.

அதுதான் சந்தைச் சட்டம். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போர்த்திக்கொண்டு உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேச்சு. ஒரு விரல் பிடித்தால் ஒன்று, இரண்டு விரல் பிடித்தால் இரண்டு, பிடித்த விரலில் ஒன்றை எதிராளி மடக்கிவிட்டால் ஒன்று குறைக்கிறான். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. துண்டுக்கு வெளியே ஆயிரம் சொல்லலாம், இந்த மாடு ஏர் ஓட்டும், ஏரோப்ளேனும் ஓட்டும் என்று. உள்ளே பிடித்த விரல் மட்டும் சொல். அதில் சென்னியப்பன் பொய் பிடித்ததில்லை. டாக்டரம்மாவோடு துண்டு போடவில்லை, அதனால் அந்த ஆறு வாரம் அவர் கணக்கில் இன்னும் முடியாத பேச்சு. பொள்ளாச்சியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காலையும் மாலையும் போய்க் கையை நீட்டினார். பதினோராம் நாள் வலி போய்விட்டது. விடிந்து எழுந்து உட்கார்ந்தால் காது இருக்கிற இடமே தெரியவில்லை. பதினாறாம் நாள் ஊசி போடுகிற பெண்ணிடம், "போதும் கண்ணு, பேசி முடிச்சாச்சு" என்றார். கையில் சொருகியிருந்த குழாயைக் கழற்றச் சொன்னார். காதைச் சுத்தம் பண்ணிக்கொள்ள இரண்டு தடவை போனதோடு கோயமுத்தூருக்கும் போகவில்லை. ஆறு வாரத்தை இரண்டே கால் வாரத்தில் முடித்த சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு ஜோடி மாடு கைமாற்றிவிட்டார். பாவாயி கேட்டாள், "டாக்டரம்மாவே சொன்னாங்களா நிறுத்தச் சொல்லி?" "ஆமா. நெம்ப நல்லாயிருச்சுன்னுட்டாங்க." அவள் நம்பினாள். நம்பினாளா? நாற்பத்தாறு வருஷத்தில் அவள் எதையெல்லாம் நம்பினாள், எதையெல்லாம் நம்பின மாதிரி இருந்தாள் என்று அவருக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

"குடிங்க. பேசாம பாட்டிலையே பாத்துட்டு இருந்தா அதுவா உள்ள போகுமா?" பாவாயிதான். "குடிக்கறேன், நீ கம்முனு இரு." ஒரு மடக்கு. இரண்டு மடக்கு. இடது தோளில் சில்லென்று இறங்கியது. துண்டின் முனை நனைந்து கனத்தது. பதினொன்று ஐந்து. இன்றைக்கு வியாழன், சந்தை. இந்நேரம் லாரிகள் வந்து நின்றிருக்கும், சாணியும் புழுதியும் பீடிப் புகையுமாக ஒரு மணம் கிளம்பியிருக்கும், அவருடைய வேப்பமரத்தடியில் வேறு எவனாவது நிற்பான். நிற்கட்டும். நிற்கட்டும் என்றால் எப்படி நிற்கட்டும்? ஒரு வியாழன் விட்டால் மறு வியாழன் இடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதற்காகத்தானே திங்கட்கிழமை டாக்டரம்மா சொன்னதையும் கேட்காமல் விட்டார். ஆமாம், திங்கட்கிழமை. வலி திரும்ப வந்து பத்து நாள் அதைப் பல்லைக் கடித்து மூடி வைத்திருந்தார். தலையணை உறையைத் துவைக்க எடுத்த பாவாயி முகர்ந்து பார்த்துவிட்டு, கோயமுத்தூர் பஸ்ஸுக்கு நடந்தாள், இவர் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று. டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தாள். "எத்தனை நாள் ஊசி போட்டீங்க?" பாவாயி முன்னால் சொல்ல முடியாமல் கூரையைப் பார்த்தார். டாக்டரம்மாவே சீட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு கத்தியிருக்கலாம், மனசு லேசாகியிருக்கும். "வியாழக்கிழமை எலும்பு ஸ்கேன். அதுக்கு நடுவுல வாய் கோணுச்சுன்னா, தண்ணி குடிக்கறப்ப வழிஞ்சா, கண்ணு மூடலைன்னா, விழுங்கக் கஷ்டமா இருந்தா, அந்த நிமிஷமே கிளம்பி வந்துடணும். நரம்பைப் பிடிச்சுடுச்சுன்னு அர்த்தம். ராத்திரியா இருந்தாலும் சரி." செவ்வாய்க்கிழமை விடிகாலை வாய் கொப்பளிக்கக் குழாயடியில் குனிந்தபோது தண்ணீர் வாயில் நிற்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தார். வேறு ஒருத்தன் அவர் முகத்தில் இடது பக்கத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். புருவம் ஏறவில்லை. கண்ணை மூடினால் வலது கண் மூடிக்கொண்டது, இடது கண் வெள்ளை விழியைக் காட்டிக்கொண்டு பாதி திறந்தே நின்றது. செவ்வாய்க்கிழமையும் சந்தை. போகாவிட்டால் கேட்பார்கள். ஒரு நாள்தானே, ஒரே ஒரு நாள், புதன்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று துண்டைத் தலையில் சுற்றி முடிந்துகொண்டு போனார். பாலக்காட்டிலிருந்து வருகிற வர்கீஸ் மூன்று எருமைக்கு நின்றான். அவனை வலது பக்கம் நிறுத்திக்கொண்டு, தன் தலைத் துண்டின் முடிச்சை அவிழ்க்காமல், பக்கத்தில் நின்றவன் துண்டை வாங்கிப் போட்டு விரல் பிடித்தார். வர்கீஸ் அவர் முகத்தையே பார்த்தான், ஒன்றும் பிடிபடாமல் விழித்தான். "சென்னியப்பண்ணா, இன்னைக்கு உங்க மூஞ்சியில ஒண்ணுமே எழுதியில்லையே" என்றான். அன்றைக்கு எருமை நல்ல விலைக்குப் போயிற்று. செத்துப் போன பாதி முகம் அவருக்கு வியாபாரம் பண்ணிக் கொடுத்தது. வீட்டுக்கு வந்து பாவாயிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து களி தின்றார். இடது கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் களி தேங்கிக்கொண்டது. விரல் விட்டு எடுத்தார். புதன்கிழமை போகவில்லை. வியாழக்கிழமைதான் எப்படியும் போகிறோமே, அதற்குள் என்ன குடி முழுகிவிடும்.

அந்த மயிலைக் காளைக்கும் அப்படித்தான் ஆயிற்று. வந்துவிட்டது. நினைக்க வேண்டாம், நினைக்க வேண்டாம் என்று கடிகாரத்தை எத்தனை தடவை பார்த்தாலும் அது வந்துதான் தீரும். பதினொரு வருஷம் ஆகிறது. நல்ல உயரம், சாம்பல் நிறம், திமில் கோபுரம் மாதிரி. இடது காது மட்டும் தொங்கியிருந்தது. காதுக்குள் சீழ். அந்தப் பக்கத்து உதடு தளர்ந்து எச்சில் நூலாக இறங்கியது, அந்தப் பக்கத்துக் கண் மூடவில்லை, ஈ உட்கார்ந்தால்கூட மூடவில்லை. விற்கக் கொடுத்தவன் அழாத குறையாகக் கொடுத்துவிட்டுப் போனான். சென்னியப்பன் காதைத் துடைத்து, வேப்பெண்ணெய்ப் பஞ்சு அடைத்து, எச்சிலைத் துடைத்து, காலை வெயில் வலது பக்கத்தில் விழுகிற மாதிரி, இடது பக்கம் லாரியை ஒட்டுகிற மாதிரி நிறுத்தினார். நல்ல பக்கம் வெயிலில் தகதகவென்று நின்றது. உடுமலைப் பக்கத்திலிருந்து ஒருத்தர் வந்தார், வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. வாங்கத் தெரிந்தவன் என்றால் முதலில் மாட்டை ஒரு சுற்று சுற்றி வருவான். அந்த மனுஷன் சுற்றவில்லை. வலது பக்கத்திலேயே நின்று தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "தலையச் சாச்சுச் சாச்சு நிக்குதுங்களே?" என்று மட்டும் கேட்டார். "பாட்டுக் கேக்குதுங்க. பக்கத்துத் தோட்டத்துல ரேடியோ பாடிட்டே இருக்கும், பழகிருச்சு" என்றார் சென்னியப்பன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். துண்டு போட்டார்கள். முடிந்தது. கயிறு மாற்றி ஓட்டிக்கொண்டு போகும்போது அந்த மூடாத கண் சென்னியப்பனையே பார்த்துக்கொண்டு போனது. ஒரு மாசம் கழித்து உடுமலைக்காரர் திரும்ப வந்தார். சண்டைக்கு வரவில்லை. "முளைக்குச்சியச் சுத்திச் சுத்தி வந்துச்சுங்க. நாள் முழுக்கச் சுத்துச்சு. கயிறு முழுசும் சுத்தி முடிஞ்சு மூஞ்சி முளையில இடிச்சாலும் நிக்கலை. அப்புறம் விழுந்துருச்சு. காது வழியாத்தான் போயிருக்குது, மூளைக்கே போயிருச்சுன்னு மாட்டு டாக்டர் சொன்னாருங்க." "துண்டுக்குள்ள முடிஞ்சது முடிஞ்சதுங்க. நீங்க சுத்திப் பாத்திருக்கோணும்" என்றார் இவர். அவர் தலையை ஆட்டினார். "நான் பாக்கலைங்க, வாஸ்தவம். நீங்க பாத்தீங்கல்ல?" அவ்வளவுதான் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

தும், தும், தும். பதினொன்று ஐம்பது. தலை தானாக வலது பக்கம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தினார். நிமிர்ந்தால் உள்ளே கொக்கி இழுத்தது. திரும்பவும் சாய்ந்தது. பாட்டுக் கேட்கிறதா, அண்ணா? மருந்து இந்நேரம் எங்கே போயிருக்கும்? எலும்பு எலும்பாக விசாரித்துக்கொண்டு போகும். கால் எலும்பில் கேட்கும், இங்கே இல்லை, மேலே போ என்று பதில் வரும். விலாவில் கேட்கும். மேலே. கழுத்தில் கேட்கும். இன்னும் மேலே. போய்ச் சேர்ந்தால் அங்கே ஒருத்தன் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், வா, உனக்காகத்தான், நாலு வாரமாக. ஊசியை நிறுத்தின நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் சரியாக நாலு வாரம். ஆறிலிருந்து இரண்டே கால் போனால் மூன்றே முக்கால். அந்த மூன்றே முக்காலை அவர் யாரிடமிருந்து ஜெயித்தார்? டாக்டரம்மாவிடம் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு அதில் என்ன போயிற்று. எதிரே உட்கார்ந்து விரல் பிடித்தவன் வேறு ஆள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு விரலை மடக்கவில்லை, இவர் குறைத்துக்கொண்டே போகப் போக, சரி, சரி என்று வாங்கிக்கொண்டான். அப்படி வாங்கிக்கொள்ளுகிறவனைப் பார்த்தால் பயப்பட வேண்டும் என்று தொழிலுக்கு வந்த முதல் வருஷமே தெரியும்.

வலது பக்கம் பாவாயி முந்தானையில் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருந்தாள். இந்த ஏசியை இத்தனை வைக்காவிட்டால் இவர்களுக்குத் தூக்கம் வராதா. கல்யாணமான புதுசில் ஒரு நாள், பழனி பஸ். அவளை ஆத்தா வீட்டில் விடப் போகிறார். எத்தனை நாள் என்று பேச்சு. விளையாட்டுக்குத் துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டு, இப்படித்தான் நாங்கள் பேசுவோம் என்று இரண்டு விரலைப் பிடித்துக் காட்டினார். இரண்டு நாள். அவள் துண்டுக்குள் அவர் கையைத் துழாவி ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள். ஒன்றை மடக்கினார். அவள் நிமிர்த்தினாள். இன்னொன்றை மடக்கினார். நிமிர்த்தினாள். "அஞ்சுக்குக் கொறயாது" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், முகத்தில் ஒன்றுமே இல்லை. அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது, இவள் சந்தைக்கு வந்தால் நாம் கடையைக் கட்ட வேண்டியதுதான். அப்புறம் வாழ்நாளில் ஒரு தரம்கூட அவளோடு துண்டு போடவில்லை.

பன்னிரண்டு பத்துக்கு சிஸ்டர் ஒரு அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு வந்தாள். "சென்னியப்பன் ஐயாதானே? படம் எடுக்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி. தண்ணி எல்லாம் குடிச்சாச்சா?" "ஆச்சு." "பாத்ரூம் போனீங்களா?" "போனேன்." "சர்க்கரை எத்தனை வருஷமா?" "பன்னெண்டு." "முகத்துல ஏதாவது மாற்றம் இருக்கா? வாய் கோணல், கண்ணு மூட முடியாம, சாப்பிட்டா வழியறது?" "இல்லை." பேனா ஒரு கோடு போட்டது. சென்னியப்பன் அந்தக் கோட்டைப் பார்த்தார். முடிந்தது. இல்லை என்றால் இல்லை. படத்தில் தெரிந்தால் தெரியட்டும், தெரியாமலும் போகலாம், ஆரு கண்டா, பத்து நாள் மாத்திரையோடு விட்டாலும் விடுவார்கள், அடுத்த வியாழன் மரத்தடியில். "அதென்ன தோளு இத்தனை நனைஞ்சிருக்குது?" என்றாள் பாவாயி.

எழுந்துவிட்டாள். "பாட்டில் சிந்திருச்சு, உக்காரு" என்றார். அவள் அவருக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் முகத்தை இடது பக்கம் சுவருக்குத் திருப்பினார். அவள் சுவர்ப் பக்கமாக ஒரு எட்டு வைத்தாள். அவர் இன்னும் திருப்பினார். சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது, அதில் கையை விட்டு நாற்காலியைத் தள்ளி வழி பண்ணிக்கொண்டு, பின்னால் சுற்றி, அந்தப் பக்கமாக வந்து நின்றாள். நாற்பது வருஷச் சந்தையில் எத்தனை பேர் அப்படிச் சுற்றி வந்ததைப் பார்த்திருக்கிறார், எத்தனை பேரைச் சுற்ற விடாமல் பேச்சுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார். அவர் தாடைக்குக் கீழே இருந்த முடிச்சில் அவள் விரலை வைத்து அவிழ்த்தாள். துண்டு விழுந்தது. நாற்றம் எழுந்தது. சிஸ்டர் மூச்சை இழுத்துக்கொண்டாள். பாவாயி இழுக்கவில்லை. கண்ணைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், உதட்டிலிருந்து இறங்குகிற நூலைத் துண்டின் காய்ந்த முனையால் துடைத்தாள்.

"இன்னைக்குக் காலைலதாம்மா, பஸ்ஸுல வரும்போது..." என்று சிஸ்டரிடம் ஆரம்பித்தார்.

"வாயில சொல்லாதீங்க" என்றாள் பாவாயி. "வாயில சொன்னாக் கொறச்சுச் சொல்லுவீங்க." அவர் பக்கத்தில், கெட்ட பக்கத்தில், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த ஈரத் துண்டை எடுத்து உதறி, இரண்டு பேர் கைமேலும் போட்டாள். "எத்தனை நாளாச்சு?" துண்டுக்குள் அவள் கை விரிந்து காத்திருந்தது. அறுபத்தாறு வயசுக் கை, சொரசொரவென்று, குளிர்ந்து. சென்னியப்பன் ஒரு விரலைப் பிடித்தார். அவள் கை அசையவில்லை. கோபம் பொங்கிக்கொண்டு வந்தது, எழுந்து கத்தலாம், இந்த ஆஸ்பத்திரியையே இரண்டாகப் பிளக்கலாம், யாரைப் பார்த்து என்ன கேட்கிறாய் என்று. இரண்டாவது விரலைப் பிடித்தார். உள்ளே பொய் பிடித்ததில்லை. ஒரு நாளும் பிடித்ததில்லை. மூன்றாவதையும் சேர்த்துப் பிடித்தார்.

"மூணு நாளாச்சுங் கண்ணு" என்றாள் பாவாயி, அவரைப் பார்த்துக்கொண்டே. "எழுதிக்கங்க."

சிஸ்டர் கோட்டை அடித்துவிட்டு வேறு எழுதினாள், எழுதிக்கொண்டே ஓட்டமாகப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனில் பேசுவது தெரிந்தது. கேட்கவில்லை. திரும்பி வந்தவள் சென்னியப்பனைப் பார்க்காமல் பாவாயியிடம் சொன்னாள், "ரெஹானா மேடம்கிட்ட பேசிட்டேம்மா. படம் முடிஞ்சதும் நேரா வார்டுக்கு வந்துடச் சொன்னாங்க. வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்னுட்டாங்க."

"எத்தனை வாரமாம்?" என்றார் சென்னியப்பன்.

"அது சொல்லலைங்க ஐயா. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுன்னாங்க."

விலையே சொல்லவில்லை. விலை சொல்லாதவனோடு எங்கே ஆரம்பிப்பது, எதிலிருந்து குறைப்பது. துண்டுக்குள் பாவாயி அவர் கையைத் திருப்பி ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே இருந்தாள். அவர் மடக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லிக் கதவுக்குள்ளிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள், மூன்றாவது தடவைதான் விட்டாள்.

உள்ளே இன்னும் குளிர். ஒடுக்கமான பலகையில் படுக்க வைத்து, தலையை இரண்டு பக்கமும் அடைகொடுத்து, நெற்றியில் பட்டை இழுத்துக் கட்டினான் அங்கே இருந்தவன். இனி எந்தப் பக்கமும் திருப்ப முடியாது. "மெஷின் முகத்துக்குக் கிட்டக்க வரும், பயப்படாதீங்க ஐயா. ஆடாம இருக்கணும். கண்ணை மூடிக்கங்க, மூடிக்கிட்டா ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். சென்னியப்பன் கண்ணை மூடினார். வலது கண் மூடியது. இடது கண்ணில் வெள்ளையாக, அகலமாக, ஒரு தட்டு நகர்ந்து வந்து காதுக்குப் பக்கத்தில் நின்றது. முதலில் இடது பக்கம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்தது. அப்புறம், வாங்கத் தெரிந்தவன் மாதிரி, அவசரமில்லாமல், அவரைச் சுற்றி வர ஆரம்பித்தது.